எந்தக் குஞ்சு எந்தக் கோழியுடையது? சிறிய அளவில் கோழி இனம் பெருக்க ஒரு வழிகாட்டி

முட்டைக்காகக் கோழி வளர்ப்பதும் அடுத்த தலைமுறைக்காகக் கோழி வளர்ப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே கூண்டு, அதே தீனி, அதே சேவல். ஆனால் முட்டைக்காக வளர்ப்பவருக்கு இன்று எத்தனை முட்டை கிடைத்தது என்று தெரிந்தால் போதும். இனம் பெருக்குபவர் இந்த முட்டையை எந்தக் கோழி இட்டது, அதை எந்தச் சேவல் மிதித்தது, அதன் உடன்பிறந்தவை எப்படி வளர்ந்தன என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இது தெரியாமல் வருஷா வருஷம் குஞ்சு பொரித்துக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் உருவம் சிறுக்கும், பொரிப்பு குறையும், குஞ்சுகள் காரணம் புரியாமல் சாகும். நோய் என்று நினைத்து மருந்துக்கு அலைவார்கள். பல நேரம் காரணம் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும்: எல்லாக் கோழியிலும் ஒரே சேவலின் ரத்தம்.

20 முதல் 40 கோழி வரை வைத்துக்கொண்டு, ஓர் இனத்தைப் பல வருஷம் நல்லபடியாகக் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோழி வளர்த்து ஓரளவு பழக்கம் உண்டு, இனப்பெருக்கம் மட்டும் புதிது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நோக்கத்தை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில், இந்தக் கூட்டத்திலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு அல்லது மூன்று வரியில் எழுதுங்கள். உடல் எடையா, முட்டை எண்ணிக்கையா, அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் குணமா, இனத்தின் நிறமும் வடிவமுமா? மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆறு குணங்களை ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் எதிலும் முன்னேற்றம் தெரியாது, ஏனென்றால் ஆறிலும் தேறுகிற கோழி உங்கள் கூட்டத்தில் ஒன்றுகூட இருக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாக் குணமும் ஒரே வேகத்தில் மேம்படாது. உடல் எடை, முட்டையின் பருமன், இறகு நிறம் போன்றவை பெற்றோரிடமிருந்து ஓரளவு நேராகவே வரும். பெருத்த சேவலையும் பெருத்த பெட்டையையும் சேர்த்தால் இரண்டு மூன்று தலைமுறையில் மாற்றம் தெரியும். முட்டை எண்ணிக்கை, கருக்கூடும் திறன், நோய் தாங்கும் சக்தி ஆகியவை மெதுவாகத்தான் மாறும். தீனி, வெளிச்சம், பராமரிப்பு எல்லாம் அவற்றில் கலந்திருப்பதால் ஒரு கோழியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதன் உடன்பிறந்தவை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நோட்டு.

தொடக்கக் கோழிகள்

அவசரப்படக் கூடாத இடம் இது. முடிந்தால் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மூன்று இடங்களிலிருந்து, ஒரே இனத்தைச் சேர்ந்த கோழிகளை வாங்குங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது விலையை மட்டும் இல்லை. இந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து சேவல் வந்து எத்தனை வருஷமாகிறது, போன முறை வைத்த முட்டையில் எத்தனை பொரித்தது, மூச்சிரைப்பு நோய் எப்போதாவது வந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்காதவரிடம் வாங்குங்கள்.

முட்டை வழியாகவே தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும் நோய்கள் சில உண்டு. புல்லோரம் என்கிற சால்மொனெல்லா தொற்று, மைக்கோபிளாஸ்மா என்கிற நாட்பட்ட மூச்சு நோய், லியுகோசிஸ் என்கிற கட்டி நோய் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. வெளியில் ஆரோக்கியமாகத் தெரியும் பெட்டை இவற்றைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதனால், கோழி வாங்கினால்தானே நோய் வரும், முட்டையாக வாங்கிப் பொரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது பாதி மட்டுமே சரி. புல்லோரத்துக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இனப்பெருக்கத்துக்கு வைக்கப்போகும் கோழிகளைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி ஒரு முறை சோதித்துவிட்டால் பின்னால் வரும் பெரிய இழப்பைத் தவிர்க்கலாம். சளியும் கொறட்டைச் சத்தமுமாக இருந்து தேறிய கோழியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இனத்துக்கு வைக்காதீர்கள். மைக்கோபிளாஸ்மா வந்த கோழி தேறிய பின்னும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும்.

புதிதாக வரும் எந்தக் கோழியையும் 30 நாள் தனியாக வைக்க வேண்டும். தனி என்றால் தனித் தண்ணீர், தனிப் பாத்திரம், தனிச் செருப்பு. தினமும் முதலில் குஞ்சுகளைக் கவனியுங்கள், அப்புறம் பெரிய கோழிகள், கடைசியாகத் தனிமையில் இருப்பவை. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

இடமும் தீனியும்

இதை விரிவாகச் சொல்ல அவசியமில்லை. கொட்டகைக்குள் ஒரு கோழிக்கு 3 முதல் 4 சதுர அடி, 4 அல்லது 5 பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி, இரவில் ஏறி உட்காரும் கம்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம். காற்றோட்டமும் உலர்ந்த கூளமும் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. இனம் பெருக்குபவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது தடுப்புகள். ஒரே பெரிய கொட்டகையை விட, கதவு வைத்த மூன்று சிறிய அறைகளும் உபரிச் சேவல்களுக்கு ஒரு தனி அடைப்பும் அதிகம் உதவும்.

தீனியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண முட்டைக்கோழித் தீவனம் முட்டை இடுவதற்குப் போதும். அந்த முட்டைக்குள் ஒரு குஞ்சு முழுதாக உருவாக அது போதாமல் போகலாம். ரிபோபிளேவின் என்கிற பி2 வைட்டமின் தாய்க்குக் குறைந்தால் கரு முட்டைக்குள்ளேயே சாகும், தப்பிப் பொரிக்கும் குஞ்சின் கால்விரல்கள் உள்ளே மடங்கியிருக்கும். வைட்டமின் ஏ, ஈ, பி12 குறைந்தாலும் பொரிப்பு விழும். தாய்க்கோழி வேறுபாடு இல்லாமல் முட்டை இட்டுக்கொண்டிருப்பதால் வெளியில் எதுவும் தெரியாது. அதனால் அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே, இனப்பெருக்கக் கோழிகளுக்கென்று விற்கும் பிரீடர் தீவனத்துக்கு மாறுங்கள். புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கட்டும். கூடவே பசுங்கீரை கொடுங்கள். நடுத்தர உடல்வாகு உள்ள கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும்.

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய வேண்டும், சேவலுக்கு அவ்வளவு வேண்டாம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் பெட்டைகள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடாதீர்கள், அளவுக்கு மீறிய கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒரு சேவல் போதும் என்ற எண்ணம்

கருக்கூடுவதை மட்டும் பார்த்தால் போதும்தான். எடை குறைந்த இனங்களில் 10 முதல் 12 பெட்டைக்கு ஒரு சேவல், பிராமா, ஆர்பிங்டன் போன்ற கனத்த இனங்களில் 6 முதல் 8 பெட்டைக்கு ஒரு சேவல் என்று கணக்கு. இதற்கு மேல் சேவல் இருந்தால் சண்டை, பெட்டைகளின் முதுகு இறகு போவது, ஒன்று மிதிக்கும்போது இன்னொன்று தள்ளிவிடுவது என்று கருக்கூடுவது குறையவே செய்யும்.

பிரச்சினை அடுத்த தலைமுறையில் வருகிறது. ஒரு சேவலும் 10 பெட்டையும் வைத்துக் குஞ்சு எடுத்தால் அத்தனை குஞ்சுக்கும் அப்பா ஒன்றே. அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் குறைந்தபட்சம் அப்பா மட்டும் ஒன்றான பாதி உடன்பிறப்புகளையாவது ஒன்றோடொன்று சேர்க்கிறோம். மரபியலாளர் சூவல் ரைட் தந்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சேவல் எண்ணிக்கையை 8-ஆல் பெருக்கி 1-ஐ அதனால் வகுங்கள். பெட்டை எண்ணிக்கைக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டையும் கூட்டினால், ஒவ்வொரு தலைமுறையிலும் ரத்த நெருக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். ஒரு சேவல், 10 பெட்டை என்றால் 13.75 சதவீதம். சரி, பெட்டையைக் கூட்டுவோம் என்று 50 ஆக்கினாலும் 12.75 சதவீதம்தான் வரும். 40 கோழிக்குத் தீனி கூடுதலாகப் போட்டும் ஒரே ஒரு சதவீதம்தான் குறைந்தது! அதே கணக்கில் 3 சேவலும் 24 பெட்டையும் வைத்துப் பாருங்கள், சுமார் 4.7 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

சிறிய கூட்டத்தில் இடமும் தீனியும் மிச்சப்படுத்தச் சேவலைக் குறைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. குறைக்கக் கூடாதது அதுதான். பெட்டையைக் குறைத்தாவது சேவலைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று குடும்பங்களாகப் பிரியுங்கள்

இதற்கு வசதியான முறை மூன்று குடும்பச் சுழற்சி. பெட்டைகளை மூன்று அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம் கொடுங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அறையிலும் 6 முதல் 8 பெட்டை, ஒரு சேவல். விதி மிகச் சுருக்கம்: குஞ்சு எப்போதும் தாயின் நிறத்தை எடுக்கும். மகள்கள் தாயின் அறையிலேயே தங்கும். மகன்கள் அடுத்த அறைக்குப் போகும். சிவப்பில் பிறந்த சேவல் நீலத்துக்கு, நீலத்தில் பிறந்தது மஞ்சளுக்கு, மஞ்சளில் பிறந்தது சிவப்புக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் இதே திசை.

இப்படிச் செய்தால் ஒரு சேவல் தன் அக்கா தங்கையோடோ தாயோடோ சேர வாய்ப்பே வராது. வம்சாவளி அட்டவணை போட வேண்டியதில்லை, காலில் இருக்கும் வளையத்தின் நிறம் போதும். தொடக்கத்தில் ஒரே இடத்திலிருந்து வாங்கிய கோழிகள்தான் இருக்கின்றன என்றாலும் இந்த முறையைத் தொடங்கலாம். அக்கா தங்கைகளை ஒரே அறையில் வைத்து, அறைகளுக்கு இடையில் முடிந்தவரை உறவு இல்லாமல் பிரியுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் தலைமுறை மாற்ற வேண்டும் என்றும் இல்லை. நல்ல பெட்டையை இரண்டு மூன்று ஆண்டு வைத்துக்கொண்டால் ரத்த நெருக்கம் ஏறும் வேகமும் குறையும். இரண்டாவது ஆண்டிலும் திடமாக முட்டையிடும் பெட்டை, நோயையும் காலநிலையையும் தாங்கிக் காட்டிய பெட்டை. முதல் வருஷத்து வெடைக்கோழியை விட அதை நான் அதிகம் நம்புவேன்.

சேவலை மாற்றும்போது மூன்று வாரம்

பெட்டையின் கருக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழல்கள் உண்டு. சேவலைப் பிரித்த பிறகும் சாதாரணமாக 10 முதல் 14 நாள் வரை, சில பெட்டைகளில் மூன்று வாரம் வரைகூட கருக்கூடிய முட்டை வரும். அதனால் பழைய சேவலை எடுத்து, புதுச் சேவலை விட்ட மறுநாளே முட்டை சேர்த்தால், குஞ்சு யாருடையது என்று சொல்லவே முடியாது. பழைய சேவலை எடுத்து மூன்று வாரம் கழித்துப் புதியதை விடுங்கள், விட்டு ஒரு வாரம் கழித்து முட்டை சேர்க்கத் தொடங்குங்கள். மேய்ச்சலுக்கு எல்லாக் குடும்பத்தையும் ஒன்றாகத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் அந்தக் காலத்தில் நிறுத்த வேண்டும். வேலிக்கு மேல் பறந்து வரும் ஒரு சேவல் போதும், அந்தப் பருவத்தின் பதிவு முழுதும் வீணாகிவிடும்.

கருக்கூடுகிறதா என்று தெரிய அடை வைத்து ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. புதிய முட்டை இரண்டு மூன்றை உடைத்து மஞ்சள் கருவின் மேலிருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். கருக்கூடாத முட்டையில் அது சிறியதாக, அடர்த்தியான வெள்ளையாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கருக்கூடியதில் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக, நடுவில் தெளிந்தும் சுற்றிலும் வெள்ளை வளையமாகவும் தெரியும். ஒரு முறை பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் கண் தானாகப் பிடித்துவிடும்.

அடைக்கு முட்டை சேர்ப்பது

பொரிப்பு கெடும்போது இன்குபேட்டரைக் குறை சொல்வார்கள். முட்டை இன்குபேட்டருக்குள் போவதற்கு முந்தைய ஒரு வாரத்தில்தான் நிறைய கெடுகிறது.

முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கும். குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்று உறங்கும். சுமார் 20, 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் மறுபடி மெல்ல நகரத் தொடங்கும். முழுச் சூடும் இல்லாமல், முழு உறக்கமும் இல்லாமல் அரைகுறையாக வளரும் கரு பலவீனப்பட்டுச் சாகும். வெயில் காலத்தில் முட்டையைக் கூட்டிலேயே நாள் முழுக்க விட்டால் இதுதான் நடக்கிறது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை எடுங்கள். 15 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்ந்த, ஈரப்பதம் உள்ள இடத்தில் வையுங்கள். சமையலறை ஃபிரிட்ஜின் உள்ளே அதைவிட மிகக் குளிராக இருக்கும் என்பதால் அங்கே வைக்க வேண்டாம். கூர்முனை கீழே, மழுங்கிய முனை மேலே. ஏழு நாளுக்குள் அடை வைத்துவிடுங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிப்பு இறங்கும்.

கழுவக் கூடாது. ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கிருமி போகாமல் தடுப்பது அதுதான். குளிர்ந்த நீரில் கழுவினால் இன்னும் மோசம்: உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். கூட்டில் சுத்தமான கூளம் போட்டு, அழுக்கான முட்டையை அடைக்கு எடுக்காமல் விடுவதே வழி. மிகப் பெரியது, மிகச் சிறியது, உருண்டையானது, ஓடு மெலிந்தது, கீறல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். இதுவும் ஒரு தேர்வுதான், முட்டையின் வடிவமும் அளவும் மகளுக்குப் போகும். வெடைக்கோழியின் முதல் சில வாரத்து முட்டைகள் சிறியவை, அவற்றில் வரும் குஞ்சும் சிறியது. முட்டை அளவுக்கு வந்து நிலைக்கும் வரை பொறுங்கள்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதியும் குடும்ப நிறத்தின் முதலெழுத்தும் எழுதுங்கள். எந்தப் பெட்டை இட்டது என்று தனியாகத் தெரிய வேண்டுமென்றால், கோழி உள்ளே போனதும் தானாக மூடிக்கொள்ளும் பொறிக்கூடு வேண்டும். அதை வைத்தால் மணிக்கொரு முறை போய்த் திறந்துவிட வேண்டியிருக்கும். தொடங்குபவருக்குக் குடும்பம் தெரிந்தால் போதும்.

பொரிப்பு

அடைக்கோழி கிடைத்தால் அதுவே எளிது. பேன், செல் இல்லாமல் பார்த்து, இரவில் 10 முதல் 12 முட்டை வைத்து, மற்றக் கோழிகள் வந்து முட்டையிடாதபடி தனி இடத்தில் உட்கார வையுங்கள். ஒரே குடும்பத்து முட்டையை ஒரே கோழிக்கு வைத்துவிட்டால் அடையாளக் குழப்பமும் இல்லை.

இன்குபேட்டர் என்றால், முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே ஓடவிட்டு, நம்பகமான இரண்டு வெப்பமானியால் சரிபாருங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து ஒரு டிகிரி அளவு கூடுதலாக. முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முட்டையை ஒரு நாளில் குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து முறை திருப்புங்கள். 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். பொரிப்பது 21-ஆம் நாள்.

ஈரப்பதமானியை விடத் தராசை நம்பலாம். 18 நாளில் முட்டை தன் எடையில் 12 முதல் 14 சதவீதம் இழக்க வேண்டும். 10 முட்டையை ஒன்றாக நிறுத்து 600 கிராம் இருந்தால், 18-ஆம் நாள் 520 கிராம் பக்கம் இருக்க வேண்டும். ஏழாம் நாளே நிறுத்துப் பார்த்து, வேகமாகக் குறைந்தால் ஈரத்தைக் கூட்டலாம், மெதுவாகக் குறைந்தால் குறைக்கலாம்.

ஏழாம் நாள் லைட் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல ரத்த நாளம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் தொடக்கத்திலேயே இறந்தது. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. மூன்றையும் தனித்தனியாக எண்ணி, குடும்பவாரியாக நோட்டில் எழுதுங்கள். ஒரு குடும்பத்தில் மட்டும் கூமுட்டை அதிகம் என்றால் அந்த அறையின் சேவலைப் பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் ரத்த வளையம் அதிகம் என்றால் முட்டை சேமித்ததில் கோளாறு. நடுவில் சாவது பெரும்பாலும் தாயின் தீனிக் குறைவு. முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள் சாவது ஈரப்பதம், திருப்புதல், காற்றோட்டம் சம்பந்தப்பட்டது. பொரிக்காத முட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் உடைத்துப் பார்ப்பது அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அடுத்த பருவத்தைச் சரிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் உருப்படியான தகவல் அதில்தான் இருக்கிறது.

பொரிக்கும் நாளில் குடும்பங்கள் கலந்துவிடாமல், 18-ஆம் நாளே கம்பிவலைக் கூடைகளில் நிறவாரியாகப் பிரித்து வைத்துவிடுங்கள். அப்புறம் மூடியைத் திறக்காதீர்கள்.

குஞ்சுக்கு அடையாளம்

பொரித்த அன்றே, குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் புரூடருக்கு மாற்றுவதற்கு முன்பே அடையாளம் போட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சிறிய நிற வளையம் போடலாம், வளர வளர மாற்ற வேண்டும், இல்லையென்றால் காலில் இறுகிவிடும். இன்னொன்று, விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் துளையிடுவது. ஒரு காலில் இரண்டு சவ்வு, இரண்டு காலிலும் நான்கு. துளை உண்டு, இல்லை என்ற வேறுபாட்டிலேயே 16 வகை அடையாளம் கிடைக்கும். வாழ்நாள் முழுக்க நிற்கும். அதற்கென்று சிறிய துளைக்கருவி இருக்கிறது, தெரிந்தவரிடம் ஒரு முறை பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

குஞ்சு வளர்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் வாரம் 35 டிகிரி சூடு, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைப்பு, 20 முதல் 22 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம், ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க உலர்ந்த கூளம். வெள்ளைக்கழிச்சல், மாரக்ஸ், கம்போரோ, அம்மை ஆகியவற்றுக்கான தடுப்பூசி அட்டவணையை மருத்துவரிடம் வாங்கி நோட்டில் ஒட்டிவிடுங்கள். எல்லாக் குடும்பத்தையும் ஒரே வாரத்தில் பொரிக்கவைத்து ஒரே இடத்தில் வளர்த்தால்தான், எது நன்றாக வளர்கிறது என்று நியாயமாக ஒப்பிட முடியும். இரண்டு வாரம் மூத்த குஞ்சு பெரிதாக இருப்பதில் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

தேர்வு

கூட்டம் மேலே போவதும் கீழே போவதும் இங்கேதான். ஒரே நாளில் தேர்வை முடிக்க வேண்டாம், நான்கு கட்டமாகச் செய்யுங்கள்.

பொரித்த அன்று: கோணல் அலகு, மூடாத தொப்புள், நிற்க முடியாத கால் உள்ளவற்றுக்கு இனப்பெருக்க வளையம் வேண்டாம். ஓட்டை உடைக்க நீங்கள் உதவி செய்து வந்த குஞ்சையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.

8 வாரத்தில்: எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். முதுகு அகலத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கண் தெளிவாக, துடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்தங்கியவை இங்கேயே கழியும்.

18 முதல் 20 வாரத்தில்: மார்பெலும்பு நேராக இருக்கிறதா, விரல்கள் வளையாமல் இருக்கின்றனவா, நடக்கும்போது கால்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இனத்தின் வடிவமும் நிறமும் இந்த வயதில் தெரிந்துவிடும். சேவல்களைக் கடுமையாகக் கழியுங்கள். பெட்டையில் இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று தேறினால் போதும். சேவலில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஒன்றின் பங்கு அந்தக் குடும்பத்தின் எல்லாக் குஞ்சிலும் பாதி. ஆளைப் பாய்ந்து கொத்தும் சேவல் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் வேண்டாம், அந்தக் குணமும் மகன்களுக்குப் போகும். இரை கண்டால் குரல் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிட்டு முதலில் தின்னவிடும் சேவலை எடுங்கள். நல்ல அம்மாவின் மகன் என்பது நோட்டில் இருக்கும், அதையும் பாருங்கள்.

முதல் ஆண்டு முட்டை முடிந்ததும்: பெட்டைகளின் கடைசித் தேர்வு. இடுப்பெலும்பு முனைகள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும்படி அகன்று, ஆசனவாய் ஈரமாக விரிந்திருந்தால் அது இன்னும் முட்டையிடுகிறது. சுருங்கி உலர்ந்திருந்தால் நின்றுவிட்டது. எது முதலில் நிறுத்தியது, எது கடைசிவரை இட்டது என்று எழுதுங்கள்.

சில குணங்கள் ஜோடியாக வந்தால் ஆபத்து. குட்டைக்கால் உள்ள இரண்டைச் சேர்த்தால் முட்டையில் கால் பங்கு பொரிக்காமலே சாகும். சுருட்டு இறகு உள்ள இரண்டைச் சேர்த்தால் கால் பங்குக் குஞ்சு இறகு ஒடிந்து அரை மொட்டையாகும். இவற்றில் ஒரு பக்கம் எப்போதும் சாதாரணக் கோழியாக இருக்கட்டும். ரோஜாக் கொண்டை இனங்களில் அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்த சேவலுக்குக் கருக்கூட்டும் திறன் குறைவு. கூட்டத்தில் அவ்வப்போது பிறக்கும் ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளை அதனாலேயே முழுதாகக் கழித்துவிடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

சேவல் பராமரிப்பு

கருக்கூடுவது திடீரென்று குறைந்தால் சேவலைக் கையில் பிடித்துப் பாருங்கள். பெட்டைகளுக்கு விட்டுக்கொடுத்துத் தான் தின்னாமல் மெலிந்த சேவலின் மார்பெலும்பு கத்திபோல் கையில் குத்தும். அதற்குத் தனியாகத் தீனி வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். கால் முள் நீண்டிருந்தால் பெட்டையின் விலா கிழியும், நுனியை மழுக்குங்கள். ஆசனவாயைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறகு அடர்ந்த இனங்களில் சேவல், பெட்டை இரண்டுக்குமே அந்த இடத்து இறகைக் கத்தரித்துவிட்டாலே கருக்கூடுவது கூடும். கடும் வெயிலில் விந்து குறைவது இயல்பு, நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்துச் சில வாரம் பொறுக்க வேண்டும்.

ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உபரிச் சேவலை, பெட்டைகள் கண்ணில் படாத தனி அடைப்பில் வளர்த்து வையுங்கள். பெட்டை இல்லாத இடத்தில் சேவல்கள் பெரும்பாலும் சண்டையில்லாமல் கூடி இருக்கும். நாயோ கீரியோ ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஒரே சேவலைக் கொண்டுபோனால், இந்த உபரிதான் அந்த வரிசையைக் காப்பாற்றும்.

புது ரத்தம்

மூன்று குடும்பமும் ஒழுங்காகச் சுழன்றால் பல ஆண்டு வெளிச் சேவல் தேவைப்படாது. பொரிப்பு வருஷா வருஷம் இறங்குகிறது, குஞ்சு இறப்பு ஏறுகிறது, தீனியும் நோயும் காரணமில்லை என்று நோட்டு காட்டினால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் வெளிச் சேவலை நேராக ஒரு குடும்பத்துக்குள் விடாதீர்கள். 30 நாள் தனிமை முடிந்ததும் மூன்று குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு பெட்டை எடுத்து, அதனுடன் தனி அறையில் விடுங்கள். அந்தக் குஞ்சுகளுக்கு வேறு நிறம், பச்சை என்று வையுங்கள், போட்டு உங்கள் குஞ்சுகளோடு ஒன்றாக வளர்த்து, அதே நான்கு கட்டத் தேர்வில் நிறுத்துங்கள். உங்களுடையவற்றுக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால், தேறிய பச்சைப் பெட்டைகளில் இரண்டு மூன்றை மட்டும் ஒரு குடும்பத்துக்குள் எடுத்து அந்தக் குடும்பத்தின் வளையத்தை மாட்டுங்கள். மற்ற இரண்டு குடும்பங்களுக்கு அந்த ரத்தம் சுழற்சியில் மகன்கள் வழியாக அடுத்தடுத்த தலைமுறைகளில் தானே போய்ச் சேரும். பச்சைக் குஞ்சுகள் தேறவில்லை என்றால் அந்த அறையோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம், மூன்று குடும்பமும் தொடாமல் அப்படியே இருக்கும்.